குட்டி லீவரில் கட்டியிருந்த ட்யூப்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, "இளம் மெக்கானிக்குகளுக்கு ஊக்கம் தருவது போல இருக்கட்டும்" என்று சேர்த்துச் சொன்னார். முப்பத்து நான்கு வருடம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனிடம் போய் ஊக்கம் கேட்கிறார். இடுப்பு கெட்டு, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லி, ஷெட்டை வேறு ஆளிடம் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. குனியாமல் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வேலை புத்தகம் படிப்பது. அதை ஷெட்டில் இருந்தபோதே செய்துகொண்டுதான் இருந்தேன். ஸ்பானர் பிடிக்க வேண்டிய கையில் புத்தகம் இருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இரண்டு மூன்று சம்பவம் என்னிடமும் உண்டு. அவற்றை என் மனைவியிடம் கேட்டால் நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வாள். அத்தனை முறை கேட்டிருக்கிறாள். இங்கே எழுதப்போவது அவளுக்கும் தெரியாதது.

மலைமேல் கரியாலூருக்கு அந்தப் பக்கம் சடையன் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு இருந்தது. அது போனதில் என் பங்கு எவ்வளவு என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் ஒன்பது வருடம் ஓட்டினேன். ஒரு கிளட்ச் இவ்வளவு வருடம் ஓடினால் நாம் அதைப் பாராட்டுவோம்.

உங்கள் காலத்து வண்டிகள் கோளாறைத் தாமே நம்பர் போட்டுச் சொல்லிவிடுகின்றன. நீங்கள் நம்பரைப் படித்தால் போதும். சடையனின் ஜீப் அப்படிப்பட்டதல்ல. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப். அவரைவிட ஐந்தாறு வயதுதான் இளையது. அதில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்றை 'லோ'வில் தள்ளினால் வண்டி ஆமை வேகத்தில் ஆனை பலத்தோடு மலை ஏறும். இறங்கும்போது இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது லீவருக்கு நடுவில் ஓர் இடம் உண்டு, நியூட்ரல். அங்கே நின்றால் இஞ்சின் பாட்டுக்கு ஓடும், சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

மாசி மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். சடையன் ஜீப்பைக் கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் என் ஷெட்டின் வாசலில் நிறுத்தினார். இறங்கும்போதே கையில் செய்தித்தாள் சுற்றிய வட்டமான பொட்டலம் இருந்தது. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி, கிளட்ச்சு ஸ்லிப்பு. பிளேட்டு நானே வாங்கியாந்துட்டேங்க. மாட்டி மட்டும் குடுத்துடுங்க."

"கிளட்ச்சுன்னு யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. மேடு ஏறச்சொல்ல திடீர்னு இஞ்சின் கத்துது, வண்டி அப்பிடியே நின்னுபோவுது. ஒருவாட்டி பின்னால கூட உருண்டுச்சு. அப்பால கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி போவுது."

என் கூடவே தொழில் கற்று, என் கூடவே ஷெட்டில் இருந்தவன் ஏழுமலை. அவன் டீ கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னான்: "நோயாளி மருந்து மாத்திரையோட வந்துட்டாரு. நமக்கு வேல ஊசி குத்துறது மட்டுந்தான்."

சடையன் சிரிக்கவில்லை. "கெழங்கு புடுங்கிப் போட்டாச்சுங்க. லாரி நாளன்னிக்கு கரியாலூருக்கு வருது. நெலத்துலேர்ந்து ரோட்டுக்கு நான்தான் இழுக்கணும். மூணு நாள் தாண்டுனா கெழங்கு உள்ள கருத்துப்புடும், சேகோ ஃபேக்டரிக்காரன் தொடமாட்டான்."

ஜவ்வரிசிக்குப் போகும் மரவள்ளியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்ணுக்குள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் பொறுமையாக இருக்கும். வெளியே எடுத்துவிட்டால் அதற்கு அவசரம் வந்துவிடும். ஒரு வருடத்து விளைச்சல் மலையில் குவிந்து கிடக்க, மனிதர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நாம் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டே, அதைச் செய்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, பெடலை மெதுவாக விட்டேன். ஸ்லிப் ஆகிற, அதாவது பிடி வழுக்குகிற கிளட்ச்சாக இருந்தால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இது குரல்வளையைப் பிடித்தது போல ஒரே குலுக்கலில் அணைந்தது. கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் பெஞ்சின் மேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

"சூடு ஏறுனாதான் ஸ்லிப் ஆவும்" என்றேன். "கீழ வச்சுப் பாத்தா தெரியாது."

அப்படி ஆகிற கிளட்ச்சுகளும் உண்டு. நான் சொன்னது பொய்யில்லை. கொஞ்சம் படித்தவனிடம் இருக்கும் தொல்லை இதுதான்: எந்தத் தவறான முடிவுக்கும் கௌரவமான ஒரு காரணம் அவனிடம் கைவசம் இருக்கும். படிக்காதவன் திருதிருவென்று விழித்து, இன்னொரு கேள்வியாவது கேட்டிருப்பான்.

அந்த இன்னொரு கேள்வி என்ன என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். 'கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி போவுது' என்றார் அல்லவா? 'அந்தக் கொஞ்ச நேரத்துல நீ இன்னா பண்ணுவ?' என்று கேட்டிருக்க வேண்டும். ஆறே சொற்கள். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் கோளாறின் பெயரையும் சொல்லி, அதற்கான சாமானையும் வாங்கிக்கொண்டு, அவசரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். 'உங்கள் கிளட்ச் நன்றாக இருக்கிறது, கோளாறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு துணிச்சல் வேண்டும். மலைமேல் கிழங்கு காத்திருக்கும்போது 'தெரியவில்லை' என்று சொல்கிற மெக்கானிக்கிடம் யார் திரும்பி வருவார்கள்? இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போதாவது சொல்லிப் பாருங்கள். முதலில் கூசும்.

இனி ட்யூப் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

மலை வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் சைக்கிள் ட்யூப் இல்லாத இடமே கிடையாது. பானெட் தாழ்ப்பாள் உடைந்ததா, ட்யூப். கதவு நிற்கவில்லையா, ட்யூப். சடையனின் ஜீப்பில் பேட்டரியைக் கூட ட்யூப்தான் கட்டிப் பிடித்திருந்தது. இவையெல்லாம் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி. என் ஷெட்டுக்கு ஒரு பெயர் இருந்தது: இங்கே வந்த வண்டி ட்யூப்போடு திரும்பாது. கிளட்ச் வேலைக்கு வந்தாலும் தாழ்ப்பாளைச் சரிசெய்து, கதவுக்குக் கொக்கி போட்டு, பேட்டரிக்குப் பட்டை அடித்துத்தான் அனுப்புவோம். சேவை என்று சொல்லிக்கொண்டோம். கர்வம் என்பதுதான் சரியான சொல்.

கிளட்ச்சை வெளியே எடுக்க வேண்டுமானால் ஜீப்பின் தரைத் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றக் குனிந்தபோது அந்த இரண்டாவது குட்டி லீவரின் குமிழில் ஒரு ட்யூப் இறுகச் சுற்றி, மறுமுனை சீட்டின் காலில் கட்டியிருந்தது. நான் பிளேடை எடுத்தேன்.

ஏழுமலை சொன்னான்: "அண்ணா, இத்த என்னாத்துக்கோ கட்டி வச்சிருக்கான். ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

சடையன் அப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டிக் கூப்பிடுகிற தூரம்.

"பானெட்டுல கட்டி வச்சிருக்கான், பேட்டரில கட்டி வச்சிருக்கான். ஒண்ணொண்ணுத்துக்கும் அவங்கிட்ட போயி வெளக்கம் கேட்டுகினு இருப்பியா? இவனுங்களுக்கு ட்யூப்ப பாத்தா கை சும்மா இருக்காது" என்றேன்.

அறுத்தேன். வாசலில் குப்பைக்காக வைத்திருந்த பாதி டிரம்மில் மற்ற ட்யூப்புகளோடு அதுவும் போய் விழுந்தது.

பழைய கிளட்ச் பிளேட் வெளியே வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கருகல் இல்லை, பளபளப்பு ஏறவில்லை, எண்ணெய்ப் பசை இல்லை. இன்னும் ஒரு வருடம் நன்றாக உழைத்திருக்கும்.

"இது நல்லாத்தானேண்ணா இருக்குது?" என்றான் ஏழுமலை.

"புதுசு கையில இருக்கச்சொல்ல பழச எவன்டா திருப்பி மாட்டுவான்?"

என் தொழில் வாழ்க்கையில் கோளாறு என்னை நேருக்கு நேர் பார்த்து 'நான் இங்கே இல்லை' என்று சொன்ன தருணம் அது. அந்த நல்ல பிளேட்டைப் பழைய இரும்பில் போட்டேன். போட்டால் அது என்னைப் பார்க்காதல்லவா.

எல்லாம் மாட்டி முடித்து, குட்டி லீவருக்குக் கிரீஸ் வைத்தேன். விரல் பட்டாலே உள்ளே விழுந்தது, விரல் பட்டாலே வெளியே வந்தது. நல்ல கிரீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். கச்சிராயப்பாளையம் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய் வந்தேன். கத்தரிப்பூ நிறத்தில் மலை எதிரே தெரிந்தது. அடிவாரம் வரைக்கும் போய், லோ கியரில் ஒரு மேடு ஏற்றிப் பார்த்திருக்கலாம். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. மலையில் ஓட வேண்டிய வண்டியைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்றேன்.

மாலை நாலு மணிக்குச் சடையன் வண்டியை எடுக்க வந்தார். சுற்றி வந்து பார்த்தார். பானெட்டைத் தூக்கி மூடினார். தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வாசலில் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து, "புது வண்டி மாதிரி பண்ணிட்டீங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை கரியாலூர் டீக்கடைக்காரர் போன் பண்ணினார். என் ஷெட்டுக்கு வருகிற வண்டிகள் மலையில் எங்காவது நின்றுபோனால் செய்தி சொல்வது அவர்தான்.

"மேஸ்திரி, உங்ககிட்ட கிளட்ச்சு மாத்துன ஜீப்பு ஓடையில போயி உழுந்துடுச்சுங்க. லோடோட."

"கிளட்ச்சு புடிச்சிச்சா?" என்றேன்.

அவர், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் சொன்னார். "ஆளு உயிரோட இருக்காருங்க."

தம்பிகளே, அந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நான் எத்தகைய மெக்கானிக் என்று யாராவது கேட்டால் என் சான்றிதழ்களைக் காட்ட வேண்டாம், இதைச் சொன்னால் போதும்.

ஏழுமலையின் பைக்கில் போனோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறினோம். கரியாலூரிலிருந்து மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பாதை ஓடைக்கு இறங்குகிற இடத்தில் ஜீப் பாறையில் மூக்கை முட்டிக்கொண்டு கிடந்தது. சடையனை அதற்குள் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தண்ணீரெல்லாம் கிழங்கு. அக்கம்பக்கத்து ஆட்கள் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைக் கழுவி, கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். லாரி பன்னிரண்டு மணிக்கு வரும் என்றார்கள்.

நான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். கியர் லீவர் முதல் கியரில் இருந்தது. குட்டி லீவர் நடுவில் நின்றது. நியூட்ரல்.

கையை நீட்டி அதை லோவில் தள்ளினேன். விழுந்தது. சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டினேன். ஆடுகிற பல் போலக் கழன்று நடுவுக்கு வந்துவிட்டது. உள்ளே லீவரைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்கும் பல்லும் தேய்ந்து எத்தனை காலமோ ஆகியிருக்க வேண்டும். மேடு ஏறும் குலுக்கலில் ட்யூப் தளர்ந்து அது கழன்றால் இஞ்சின் கத்தும், வண்டி நிற்கும். சடையன் அதைத் திரும்பத் தள்ளி, ட்யூப்பை இழுத்துக் கட்டி, ஓட்டிக்கொண்டு போவார். அதுதான் அந்தக் 'கொஞ்ச நேரம்'. இறக்கத்தில் கழன்றால் வண்டியை இழுத்துப் பிடிக்க இஞ்சின் இல்லை. முழு லோடோடு பழைய பிரேக் மட்டும்தான். ட்யூப் இருந்தவரை அது இறக்கத்தில் கழன்றதில்லை.

கோளாறு என்ன என்பதை அந்த மனிதர் கண்டுபிடித்து, அது இருக்கிற இடத்தையும் ட்யூப் சுற்றிக் காட்டியிருந்தார். அதற்கு அவருக்குத் தெரிந்த பெயர் மட்டும்தான் தப்பு. நான் பெயரைப் பிடித்துக்கொண்டு, அடையாளத்தை அறுத்துவிட்டேன்.

"அண்ணா, அந்த ட்யூப்பு..." என்றான் ஏழுமலை.

"வாய மூட்றா" என்றேன்.

மூடிக்கொண்டான். அடுத்த வருடம் ரிஷிவந்தியத்தில் தனியாக ஷெட் போட்டுக்கொண்டு போனான். 'ஊர்ப்பக்கம் இருந்தா அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்ணா' என்றான். அவன் அம்மா அப்போதும் என்னைவிடத் திடமாக இருந்தார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னைக் கேட்டார். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போயிருக்கும், லோடு அதிகம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதைத் திருத்த எனக்கு ஒரு சாக்கு கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குற்றம் செய்தவர்கள் ஏன் எப்போதும் ஆரஞ்சு வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. சடையனின் மனைவி குப்பம்மா எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "மேஸ்திரி வந்துருக்காரு பாரு, கண்ணத் தொற" என்று அவரை எழுப்பினார்.

லீவர் கழன்றதும் சடையன் அதைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறார். அதற்காகக் கிளட்ச்சை மிதித்திருக்கிறார். மிதித்தபடியே பாறையில் முட்டியது. முன்பக்கம் உள்ளே அழுந்தியபோது கால் கிளட்ச் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்தது. நான் மாற்றிக் கொடுத்த புதுக் கிளட்ச். டாக்டர்கள் நாலு நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கால் இன்னும் போர்வைக்கு அடியில் இருந்தது.

"கெழங்கு லாரியில ஏறிடுச்சுங்களாம்" என்றார் முதலில்.

"மேஸ்திரி, அந்தக் குட்டி லீவருல ஒரு ட்யூப்பு கட்டி வச்சிருந்தேன். நீங்க எங்கனா பாத்தீங்களா?"

குப்பம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டில்காரர் இருமிக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் விட்டது, பேரிங் போயிருந்தது. இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம், பதில் சொல்ல நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இல்லியேப்பா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நாந்தான் எங்கியோ போட்டுட்டன் போல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அந்தக் காலை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு என் ஷெட்டில் ஒரு பழக்கம் வந்தது. எந்த வண்டியிலும் கட்டியிருக்கும் கயிறு, கம்பி, ட்யூப், சொருகியிருக்கும் அட்டைத் துண்டு எதையும் உரியவரிடம் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. 'இத்த எதுக்குக் கட்டுன?' என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரையே எடுக்க வேண்டும். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு, 'சும்மாதாங்க' என்பார்கள். அப்போதும் விடாதீர்கள். சும்மா யாரும் கட்டுவதில்லை. நம்மிடம் வர முடியாத தூரத்தில், நம்மைக் கூப்பிட முடியாத இடத்தில், தனக்குத் தெரிந்ததைக் கொண்டு ஒருவர் செய்த வைத்தியம் அது. அசிங்கமாக இருக்கலாம். அதில் ஒரு சேதி இருக்கிறது. இந்தப் பழக்கத்தால் பிறகு எத்தனையோ வண்டிகளில் கோளாறைச் சட்டென்று பிடித்தேன். 'மேஸ்திரி கண்ணால பாத்தே சொல்லிடுவாரு' என்று பெயர் கூட வந்தது. ஒரு மனிதரின் காலில் நான் கற்றுக்கொண்டதற்கு ஊரில் எனக்குப் புகழ்.

சடையனைப் போய்ப் பார்க்கவேயில்லை. மலைக்குப் போகிற வேலைகளை வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டேன். ஜீப்பின் வெறும் கூடு பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பொங்கலுக்குப் பொங்கல், போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பொங்கல்தான் வருடாவருடம் வருகிறதே என்று ஒத்திவைப்பேன்.

கடைசியில் போனதும் மனசாட்சி உந்தியதால் அல்ல. இந்த மலரைக் கணினியில் அடித்துக் கோக்கும் கடையில் சடையனின் மகள் வேலை பார்க்கிறாள் என்று செயலாளர் பேச்சுவாக்கில் சொன்னார். எழுதினால் முதலில் படிக்கப்போவது அவள். ஊக்கம் தரும் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். இரண்டு நாள் முயன்றும் பார்த்தேன், வரவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கரியாலூரில் இப்போது அருவி பார்க்க வருகிற கூட்டம். டீக்கடைக்குப் பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. எந்த ஜீப் அடுத்து போக வேண்டும் என்று முறை சொல்லி அனுப்புகிற வேலை சடையனுக்கு. பிளாஸ்டிக் நாற்காலி, கைத்தடி, கழுத்தில் ஒரு விசில். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"உக்காருப்பா, உக்காரு."

"இன்னா மேஸ்திரி, அருவிக்கா? இந்த வயசுல வழுக்கி உழுந்தீங்கன்னா உங்களத் தூக்க ஜீப்பு பத்தாது, கிரேனுதான் வரணும்" என்று சிரித்தார். டீ சொன்னார். மகளைப் பற்றிச் சொன்னார். என் இடுப்பைப் பற்றிக் கேட்டார். நடுவில் இரண்டு ஜீப்புகளை விசில் ஊதி அனுப்பினார். டீ முடிந்தது. இனி குடிக்க எதுவும் இல்லை என்றான பிறகு சொன்னேன்.

"சடையா, ஆஸ்பத்திரில ஒரு ட்யூப்பப் பத்திக் கேட்ட இல்ல? பாக்கலன்னு சொன்னேன். அத்த நான்தான்பா அறுத்துப் போட்டேன்."

அவர் வரிசையில் நின்ற ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுங்க" என்றார்.

"தெரியுமா?"

"வண்டி எடுக்க வந்தன்னிக்கே பாத்தேன். உங்க ஷெட்டு வாசல்ல டிரம்முல கெடந்துச்சு. நம்ம ட்யூப்பாச்சே, எடுத்து மறுபடி கட்டிக்கலாமான்னு கூட நெனச்சேன்."

"எடுத்திருக்கலாமேப்பா. ஏன் எடுக்கல?"

"மேஸ்திரியே தூக்கிப் போட்டுட்டாரே, அப்ப அந்தக் கோளாறயும் சரி பண்ணிருப்பாருன்னு உட்டுட்டேன்."

ஒரு குடும்பம் வந்து அருவிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டது. கால் மணி என்று சொல்லி, மூன்றாவதாக நின்ற ஜீப்பைக் காட்டினார். அவர்கள் ஏறும் வரை நான் காத்திருந்தேன்.

"தெரிஞ்சிகினு அப்புறம் ஏன்பா என்னாண்ட கேட்ட?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான்."

குரலில் கோபமில்லை. ஒன்பது வருடத்தில் அது கூடத் தேய்ந்துபோயிருக்கும். விசிலை எடுத்து வாயில் வைத்தவர், எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கீழே இறக்கினார்.

"கள்ளக்குறிச்சி பஸ்சு கெளம்புது பாருங்க. ஓடிப் போயி ஏறுங்க, இத்த உட்டா சாயங்காலந்தான்."

ஏறினேன். டிரைவர் நல்லவர். இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே, இஞ்சின் பிடியிலேயே இறக்கினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் இடது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பெடல் இல்லை. அணை வரும் வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்தேன்.